98 சதவிகிதத் தாகம்

பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் ஒரு டேங்கர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், அதன் முதுகில் ஒட்டியிருக்கும் நான்கு இலக்க எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். வண்டியின் பதிவு எண் அல்ல, சரக்கின் எண். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அண்ணன் பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் போன லாரியில் 1830 என்றிருந்தது. வேகத்தைக் குறைத்தேன்.

“ஏன் பாட்டி, தூக்கம் வருதா?”

“முன்னால போறது கந்தக அமிலம்யா. கொஞ்சம் தள்ளியே போவோம்.”

“எப்படித் தெரியும்? மேலே எழுதியிருக்கா?”

எழுதித்தான் இருக்கிறது. ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. ஒவ்வொரு எண் கொடுத்திருக்கிறது. 51 சதவிகிதத்துக்கு மேல் அடர்ந்த கந்தக அமிலத்துக்கு 1830. அதற்குக் குறைந்தது, பேட்டரியில் ஊற்றும் அமிலமும் சேர்த்து, 2796. ஒரே அமிலத்துக்கு எதற்கு இரண்டு எண் என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. நான் ஆய்வகத்தில் உழைத்த முப்பது சொச்சம் வருடத்தில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது எதுவென்றால், இந்தக் கேள்விக்கான பதிலைத்தான்: அடர் கந்தக அமிலமும் நீர்த்த கந்தக அமிலமும் ஒரே பெயரைப் போட்டுக்கொண்டு திரியும் இரண்டு வெவ்வேறு ஆசாமிகள்.

அவனுக்கு அவசரம் வேறு. நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு எடுத்திருக்கிறான். சீனியின் மேல் ஆசிட் ஊற்றக் கருப்பாக ஒன்று புஸ்ஸென்று பொங்கி எழும் காணொளியைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே செய்து பார்க்கத் துடிக்கிறான். “சாக்கடை அடைப்பு எடுக்குற ஆசிட் ஹார்ட்வேர் கடையில கிடைக்குதே பாட்டி, அது போதுமா?” போதும் என்பதுதான் பிரச்சினை.

என் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அம்மா பால்மரம் வெட்டினார். 1979இல் பள்ளி முடித்ததும் பக்கத்திலிருந்த ரப்பர் ஆலையின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். தோட்டத்துக்காரர்களுக்கு அது பெரிய உத்தியோகம். வெள்ளைக் கோட்டு, மின்விசிறி, நாற்காலி. அந்த நாற்காலிக்கு நேர் எதிரே, புகைபோக்கி அறைக்குள், பழுப்பு நிறப் புட்டியில் அந்த அமிலம் இருந்தது.

மலேசிய ரப்பரைத் தரம் பிரித்து விற்க 1965இல் எஸ்.எம்.ஆர். என்ற முறை வந்தது. அதற்கு முன் ரப்பர் சீட்டைக் கண்ணால் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தரம் சொல்வார்கள். எஸ்.எம்.ஆர். வந்தபின் கண்ணுக்குப் பதில் எண்கள். அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்று சோதித்துத்தான் கட்டியை மூட்டை கட்ட வேண்டும். நைட்ரஜன் 0.60 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. பாலில் உள்ள புரதத்திலிருந்து வருவதுதான் அந்த நைட்ரஜன். அளவு கூடினால், பாலைச் செறிவாக்கியபின் மிஞ்சும் மட்டமான ரப்பரை யாரோ கலந்திருக்கலாம் என்று பொருள்.

ரப்பருக்குள் ஒளிந்திருக்கும் நைட்ரஜனை எப்படி அளப்பது? டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் இருந்த யோஹான் கெல்டால் 1883இல் இதற்கு ஒரு வழி கண்டார். பார்லியில் புரதம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அவர் செய்ததை நாங்கள் குளுவாங்கில் ரப்பருக்குச் செய்தோம். ரப்பரைச் சிறு துணுக்குகளாக வெட்டி 0.1 கிராம் எடை போடுவோம். குட்டிக் குடுவையில் போட்டு, பொட்டாசியம் சல்பேட், செம்பு சல்பேட், செலினியம் கலந்த தூள் கொஞ்சம் சேர்ப்போம். பிறகு அடர் அமிலம், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதுவும் அவசரப்படாமல் இறங்கும். தண்ணீரைவிடச் சுமார் இருபத்தைந்து மடங்கு குழைவானது, நல்லெண்ணெய் வார்ப்பதுபோல ஓசையில்லாமல் விழும். பழைய வேதியியலாளர்கள் அதை எண்ணெய் என்றே அழைத்ததில் ஆச்சரியமில்லை.

அடுப்பை ஏற்றியதும் ரப்பர் கருத்துவிடும். நுரைத்துப் பொங்கும். கொஞ்ச நேரத்தில் கருப்புப் போய்த் தார் பழுப்பு, பழுப்புப் போய் வைக்கோல் மஞ்சள். தீபாவளி மறுநாள் காலை லயத்து வாசலில் வருமே வெடி மணம், அந்தக் கந்தக நெடி புகைபோக்கியையும் மீறி மூக்கில் ஏறும். கடைசியில் மஞ்சளின் சாயலே இல்லாத தெளிந்த பச்சை. அந்தப் பச்சை வந்தால்தான் எழுந்து தேநீர் குடிக்கப் போகலாம். பொறுமையில்லாமல் மஞ்சளிலேயே அடுப்பை அணைத்தால் நைட்ரஜன் கணக்குக் குறைவாக வரும். எனக்கு முதல் மாதத்தில் வந்தது. கெமிஸ்ட் என் ஏட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அத்தனை குடுவைகளையும் திரும்பச் செய்யச் சொன்னார்.

அந்த நிறமாற்றத்துக்குள் அடர் அமிலத்தின் இரண்டு குணமும் இருக்கின்றன. முதல் குணம் தாகம். ரப்பரில் தண்ணீர் கிடையாது, அதனால் சீனியை வைத்துச் சொன்னால் எளிது. சீனியின் ஒரு மூலக்கூறில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன். இருபத்திரண்டும் பதினொன்றும் சேர்ந்தால் சரியாக 11 தண்ணீர் மூலக்கூறு. சீனியில் தண்ணீர் தண்ணீராக இல்லை. ஆனால் தண்ணீராவதற்கான உருப்படிகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. அடர் அமிலம் அந்த உருப்படிகளைப் பிடுங்கித் தண்ணீராகக் கட்டி எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 12 கார்பன், அதாவது கரி. இந்த வேலையில் எழும் சூட்டில் நீராவி கிளம்பிக் கரியை ஊதுவதால்தான் அந்தக் கருப்புத் தூண். ஈரத்தை உறிஞ்சுவது வேறு, ஈரமே இல்லாத இடத்தில் ஈரத்தை உண்டாக்கி உறிஞ்சுவது வேறு. இரண்டையும் இது செய்யும்.

இரண்டாவது குணம் சூட்டில்தான் தெரியும். சுமார் 338 டிகிரியில் கொதிக்கும் அமிலம் அது. பொட்டாசியம் சல்பேட் சேர்த்தால் கொதிநிலை இன்னும் ஏறும். அந்தச் சூட்டில் அது கரியையும் விடாது. தன் ஆக்சிஜனைக் கொடுத்துக் கரியைக் கார்பன் டை ஆக்சைடாக எரித்து, தான் கந்தக டை ஆக்சைடாகத் தேய்ந்துபோகும். வெடி மணம் அதுதான். நீர்த்த அமிலத்தால் இது முடியாது. ஒரு செம்புக் கம்பியை நீர்த்த அமிலத்தில் போட்டால் போட்டபடி கிடக்கும். சூடான அடர் அமிலத்தில் போட்டால் கரையும். நைட்ரஜன் மட்டும் இந்த ரகளையில் தப்பித்து அம்மோனியம் சல்பேட்டாக அமிலத்துக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு காரம் சேர்த்து அதை அம்மோனியாவாகக் கிளப்பி, போரிக் அமிலத்தில் பிடித்து, சொட்டுச் சொட்டாக அளப்போம். எதைச் சொட்டி அளப்போம் தெரியுமா? அதே கந்தக அமிலம்தான், ஆனால் 0.01 மோலார். புட்டியில் இருப்பதைவிட ஆயிரத்து எண்ணூறு மடங்கு நீர்த்தது. இரண்டு மில்லிலிட்டர் தாண்டிக் கொஞ்சம் போனாலே அந்த ரப்பர் 0.60 எல்லையைத் தொட்டுவிட்டது என்று கணக்கு. காலையில் ரப்பரை விழுங்கிய அரக்கன் மாலையில் கண்ணாடிக் குழாயில் சொட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்.

ஜொகூரின் காற்று எப்படிப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். உப்புச் சாடியைத் திறந்து வைத்தால் மறுநாள் களி. அடர் அமிலத்தைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? ஒரு வாரம் விடுமுறையில் போய்த் திரும்பியபோது, யாரோ மூடாமல் விட்ட ஒரு முகவையில் அமிலம் பெருகியிருந்ததைப் பார்த்தேன். பேய் வேலை இல்லை. அது காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருந்தது. காற்றில் 75 சதவிகித ஈரப்பதம் இருந்தால், தான் சுமார் 30 சதவிகித அமிலமாக இளைக்கும்வரை அது குடிக்கும். கணக்குப் போட்டால் 100 மில்லிலிட்டர் அடர் அமிலம் கிட்டத்தட்ட 500 மில்லிலிட்டராகப் பெருகும். அந்த முகவையில் இன்னும் கொஞ்சம் அமிலம் இருந்திருந்தால் விளிம்பைத் தாண்டி மேசைக்கு இறங்கியிருக்கும்.

இதையே திருப்பிப் போட்டால் என் ரவிக்கைக் கதை. நீர்த்த அமிலம் பாவம் என்று நினைத்திருந்த காலம். ஒரு நாள் ரவிக்கைக் கையில் நாலைந்து சொட்டுத் தெறித்தது. தண்ணீர்போலத்தான் இருந்தது, காய்ந்துவிட்டது, மறந்துவிட்டேன். கோயில் திருவிழாவுக்குப் போட வேண்டுமே என்று அன்று இரவே இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். வைத்த இடத்தில் பழுப்புப் புள்ளிகள் பூத்தன. விரல் பட்டதும் புள்ளிகள் உதிர்ந்து ஓட்டை. கந்தக அமிலம் தானாக ஆவியாகாது, தண்ணீர்தான் ஆவியாகும். துணி காயக் காய அமிலம் அடர்ந்துகொண்டே போகிறது. இஸ்திரிச் சூடு மிச்ச ஈரத்தையும் விரட்ட, பழைய தாகம் திரும்ப வருகிறது. பருத்தியும் சீனியின் சொந்தக்காரன்தானே. ஆறு வெள்ளித் துணி. அம்மா அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை.

தண்ணீரோடு சேரும்போது வரும் சூட்டைப் பற்றி எல்லாப் பாடநூலும் சொல்கிறது: தண்ணீரில் அமிலத்தை ஊற்று, அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதே. ஏன் என்பதைத்தான் மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் அடர் அமிலம் 1.84 கிலோ எடை. அதன்மேல் ஊற்றிய தண்ணீர் கலக்காமல் மேலேயே மிதக்கும். இரண்டும் தொடும் அந்த மெல்லிய கோட்டில் சூடு ஒரே நொடியில் ஏறி, தண்ணீர் கொதித்து வெடித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு முகத்துக்கு வரும். சூடான எண்ணெயில் ஈரக் கத்தரிக்காயைப் போட்டவர்களுக்கு இது புரியும். மாறாக நிறையத் தண்ணீரில் அமிலத்தை மெல்ல விட்டால், கனமான அமிலம் தானே அடியில் இறங்கிக் கலக்கும், சூட்டையும் அவ்வளவு தண்ணீர் பங்கு போட்டுக்கொள்ளும். இன்னொரு விசித்திரம்: 50 மில்லிலிட்டர் அமிலமும் 50 மில்லிலிட்டர் தண்ணீரும் கலந்து ஆறவைத்தால் 100 வராது, சுமார் 92தான். இரண்டும் அவ்வளவு நெருக்கமாகக் கட்டிக்கொள்கின்றன.

கையில் பட்டுவிட்டால்? தண்ணீர் பட்டால் சூடாகுமே என்று யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. சொட்டுத் தண்ணீர்தான் ஆபத்து, அருவித் தண்ணீர் காப்பாற்றும். உடனே குழாயைத் திறந்து இருபது நிமிடமாவது ஓடவிட வேண்டும், பட்ட உடையைக் கழற்ற வேண்டும், பிறகு மருத்துவமனை. கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடி போடாமல் அந்த அறைப் பக்கம் போனவனைக் கெமிஸ்ட் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்துவார். கொடுமை என்று அப்போது நினைத்தேன்.

லாரிக்கு வருவோம். அவ்வளவு பொல்லாத அமிலத்தை இரும்புத் தொட்டியில் கொண்டுபோகிறார்களே, ஓட்டை விழாதா? நீர்த்த அமிலமாக இருந்தால் விழும். இரும்பைத் தின்று ஹைட்ரஜனைக் கிளப்பும். அடர் அமிலமும் இரும்பைக் கடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதனால் உண்டாகும் இரும்புச் சல்பேட் அந்த அடர்ந்த அமிலத்தில் கரையாமல் சுவரில் தோல்போல் படிந்துவிடும். அதற்கப்பால் அமிலத்தால் நுழைய முடியாது. அதனால் 93 சதவிகிதத்துக்கு மேற்பட்ட அமிலத்தை இரும்புத் தொட்டியில் வருடக்கணக்கில் வைக்கிறார்கள். அதே தொட்டியைக் காலி செய்து சும்மா தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போச்சு. தோல் கரைந்து, ஒட்டியிருந்த மிச்சம் நீர்த்த அமிலமாகி, ஹைட்ரஜன் கிளம்பும். அந்த நேரம் பார்த்து எவனாவது பக்கத்தில் வெல்டிங் பிடித்தால் தொட்டியே குண்டு. அதிகமான அமிலத்தைவிடக் குறைவான அமிலம் ஆபத்தாகும் இடம் இது. இரண்டு எண்ணுக்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

ரப்பர் தோட்டத்துப் பிள்ளை என்பதால் இதைச் சொல்லாமல் போக முடியாது. பாலை உறையவைக்க அமிலம் வேண்டும். பால் ஸ்டோரில் அம்மா காலத்தில் ஊற்றியது ஃபார்மிக் அமிலம், எறும்பு கடித்தால் சுருக்கென்கிறதே, அந்த அமிலம். மலாய்க்காரர்கள் சுக்கா கெத்தா என்பார்கள், ரப்பர் காடி. நாட்பட நாட்பட, விலை குறைவு என்று சிறுதோட்டக்காரர்கள் சிலர் பால் வடியும் மங்கிலேயே கந்தக அமிலம் விட்டுக் கட்டிப்பால் ஆக்கினார்கள். மலேசிய ரப்பர் வாரியம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஃபார்மிக் அமிலம் ஆவியாகிப் போய்விடும். கந்தக அமிலம் போகாது. என் ரவிக்கையில் தங்கியதுபோலக் கட்டிக்குள் தங்கி, காயவைக்கும் சூட்டில் ரப்பரின் சங்கிலியை அறுக்கும், ஆலை இயந்திரத்தையும் அரிக்கும். அந்த ரப்பரை 140 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து அதன் நெகிழ்வு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இன்னொன்று: இந்த இரண்டு அமிலத்தையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். அடர் கந்தக அமிலம் ஃபார்மிக் அமிலத்திலிருந்தும் தண்ணீரைப் பிடுங்கும். மிஞ்சுவது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை, ஆளை முடித்துவிடும்.

கந்தக அமிலம் புட்டியில்தான் பிறக்கும் என்றில்லை. பத்து பகாட் பக்கம் என் நாத்தனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் செம்பனைக்கு நடுவே ஓடும் பாரிட்டை, அதாவது வடிகால் வாய்க்காலை, பார்ப்பேன். பளிங்குபோலத் தெளிந்த தண்ணீர், மீன் இல்லை, கரையெல்லாம் துருச் சிவப்பு. ஜொகூரின் மேற்குக் கரை ஒரு காலத்தில் கடல் சேறு. அந்தச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருக்கிறது. தண்ணீர் மூடியிருக்கும்வரை அது சாது. பயிர் வைக்க வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் காற்று உள்ளே இறங்கும். பைரைட் ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலத்தையும் துருவையும் தரும். மண்ணின் பிஎச் 3.5க்குக் கீழே போய்விடும். வெட்டிப் போட்ட மண்ணில் வைக்கோல் மஞ்சளில் புள்ளிகள் தெரிந்தால் அது ஜரோசைட் என்ற கனிமம், அமில மண்ணின் கையெழுத்து. நான் முதலில் பார்த்தபோது அடுப்பில் பச்சைக்கு முன்னால் வரும் அந்த மஞ்சள்தான் நினைவுக்கு வந்தது. விவரம் தெரிந்தவர்கள் சுண்ணாம்பு போடுவதோடு, பாரிட்டில் தண்ணீர் மட்டத்தைப் பைரைட்டுக்கு மேலேயே நிறுத்திவைக்கிறார்கள்.

ஆலையில் இந்த அமிலத்தைச் செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கந்தகத்தை எரித்துக் கந்தக டை ஆக்சைடு. அதைச் சுமார் 450 டிகிரியில் வனேடியம் ஆக்சைடின் மேல் செலுத்திக் கந்தக டிரை ஆக்சைடு. இதன் முதல் காப்புரிமை 1831இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பெரெக்ரின் பிலிப்ஸ் என்பவருக்கு. அப்போது பிளாட்டினம். அவர் தொழில் காடி வியாபாரம், சுக்காக்காரர்! கடைசிப் படிதான் எனக்குப் பிடித்தது. டிரை ஆக்சைடைத் தண்ணீரில் விட்டால் அடங்காத அமில மூடுபனி எழும். அதனால் 98 சதவிகித அமிலத்திலேயே அதை உறிஞ்சவைத்து, பிறகு தண்ணீர் சேர்க்கிறார்கள். அமிலத்தை அமிலத்துக்குள்தான் பெற்றெடுக்க முடியும். கந்தகத்துக்கும் இப்போது எரிமலையைத் தேட வேண்டாம். கச்சா எண்ணெயையும் இயற்கை எரிவாயுவையும் சுத்திகரிக்கும்போது பிரித்தெடுக்கும் கந்தகமே உலகத் தேவையின் பெரும்பகுதிக்கு வருகிறது. உலகில் செய்யும் அமிலத்தில் பாதிக்கு மேல் உரத்துக்குப் போகிறது.

பேரன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “சரி பாட்டி, ஒரே ஒரு தடவை செய்யலாம், மிச்சத்தைச் சாக்கடையில ஊத்திடலாம்” என்றான். சாக்கடை என்றதும் எனக்குச் சுங்கை கிம் கிம் நினைவு வந்தது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் அந்த ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் சிகிச்சைக்குப் போனார்கள். அது கந்தக அமிலம் இல்லை. ஆனால் அவன் படித்த தொடக்கப் பள்ளியும் மூடிய பள்ளிகளில் ஒன்று; அவனுக்கும் நினைவிருந்தது. சற்று நேரம் பேசாமல் வந்தான். கடை ஆசிட்டில் நிறமும் வேறு சேர்மானமும் கலந்திருக்கும், சீனியோடு அது எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்கே தெரியாது என்றேன். ஆசிரியர் புகைபோக்கி அறையில் செய்து காட்டட்டும், நானும் வந்து பார்க்கிறேன் என்றும் சொன்னேன்.

ஆனால் அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் பழைய இரும்புச் சட்டியில் இரண்டு கரண்டி சீனியைப் போட்டு அடுப்பில் வைத்தேன், மேலே கண்ணாடி மூடி. சீனி இளகியது, பொன்னானது, பழுப்பானது, கருத்தது. மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் பூத்தது.

“சட்டியில தண்ணியே ஊத்தலையே பாட்டி!”

“பதினொன்னு,” என்றேன். “எண்ணிக்கோ.”

புகை கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மருமகள் வந்துவிட்டாள். அடியில் கருங்கல்போல ஒட்டியிருந்ததைக் கரண்டியால் தட்டிப் பார்த்தாள்.

“என்னத்தை இது, ஆசிட் வேண்டாம்னு சொல்லத்தானே அவனைக் கூட்டிட்டுப் போனீங்க?”

சட்டி இன்னும் பின்கட்டில் ஊறிக்கொண்டிருக்கிறது.